கிளாத்தியின் பசி

தன் வீட்டுக் கூடத்துக்குள் போகவே ஜெயவதிக்குப் பயமாக இருந்தது. அங்கே கண்ணாடித் தொட்டியின் உப்புத் தண்ணீருக்குள் ஒரு கொலை நடந்திருந்தது.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தால்தான் அந்தப் பயம் புரியும். கீரை ஆயும்போது புழு இருந்தால் இலையோடு கொண்டுபோய்ச் செடியில் விடுகிறவள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் சமணக் குடும்பம். ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் புஷ்பதந்தனின் மனைவி.

தொட்டி, மகள் சந்தனா கொடுத்த திருமண நாள் பரிசு. இரண்டு கோமாளி மீன்களை விட்டு, "பெரிசு நீ, சின்னது அப்பா" என்று சிரித்துவிட்டுப் போனாள். புஷ்பதந்தனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்த சமயம் அது. அந்த மீன்களின் முன்னால் உட்கார்ந்தால் அவர் முகம் தெளியும். நம்ம கடைப் புடவை மாதிரி இருக்குது என்று ஆசைப்பட்டு, கிளாத்தி மீன் ஒன்றையும் அவரே வாங்கி விட்டார்.

கிளாத்திக்கு இறால் வேண்டும் என்று, தொட்டி அமைத்துக் கொடுத்த அருள்தாஸ் அன்றைக்கே சொன்னார். ஜெயவதி சம்மதிக்கவில்லை. கடல்பாசித் தூளும் வேகவைத்த பட்டாணியும்தான், அதுவும் பொழுதோடு. நம் வீட்டுக்கு வந்த உயிர் நம்மைப் போல இருக்கட்டுமே என்று நினைத்தாள். பாவம், அவளுக்கு வேறென்ன தெரியும்?

இன்று காலை, கணவர் கடைக்குப் போன பிறகு பார்த்தால், பெரிய கோமாளி பாதி உடம்பாகக் கிடந்தது. சின்னது வால் கிழிந்து மோட்டாருக்குப் பின்னால் நடுங்கியது. கிளாத்தி அதையே சுற்றியது.

சின்னது அப்பா. அந்த நினைப்பு வந்ததும் அருள்தாஸுக்கு ஃபோன் செய்தாள்.

"அதுக்குப் பசிங்கம்மா. நீங்க போடலன்னா அதுவே தேடிக்கும்."

அப்படியானால் கொன்றது யார்? ஆற்றில் விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். நல்ல தண்ணியில செத்துப்போகும் என்றார். வந்தவாசியில் வேலையாக இருக்கிறாராம், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வாராம். பயந்தால் அது கல் இடுக்கில் முதுகு முள்ளை நிமிர்த்தி மாட்டிக்கொள்ளும், கல்லோடு தூக்கித் தொட்டித் தண்ணீர் ஊற்றிய பக்கெட்டில் வையுங்கள் என்றார்.

சாயங்காலம் வரை சின்னது இருக்குமா?

கையை விட்டாள். கிளாத்தி பாய்ந்து விரலைக் கடித்தது. ரத்தம் புகை போலப் பரவியது. குச்சியால் தட்டியதும் அது இடுக்குக்குள் புகுந்தது. கல்லைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. திரையில் கணவர் பெயர். நெஞ்சு வலியோ? கல்லை விட்டால் மீன் தப்பிவிடும். அழுதுகொண்டே தூக்கிப் பக்கெட்டில் இறக்கி, மூடி போட்டுவிட்டுத்தான் ஃபோனிடம் ஓடினாள்.

"மாத்திரை போட்டுகினேன்னு சொல்லத்தான் கூப்ட்டேன்" என்றார் அவர். "ஏன் மூச்சு வாங்கற?"

அவள் ரத்தம் கசிந்த விரலில் துணியைச் சுற்றினாள்.

சாயங்காலம் அருள்தாஸ் பக்கெட்டைத் தூக்கியபோது, துணி சுற்றிய விரலோடு ஜெயவதி வாசல்வரை வந்தாள்.

"நல்லா பாத்துக்குங்க. என்ன போடறீங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க."

உள்ளே, மோட்டாருக்குப் பின்னாலிருந்து சின்னது இன்னும் வெளியே வரவில்லை. பொழுது சாயப் போகிறது. பட்டாணித் துணுக்கோடு தொட்டியருகே நின்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.