கழுத்தில் கட்டிய செங்கல்

அரியலூரில் வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைக்கிறேன். கழுத்துவலியால் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவித்தேன். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் தாடைக்குப் பட்டை மாட்டி, கயிற்றில் எடை கட்டி இழுத்தார்கள். சுகமாக இருந்தது. ஆனால் தினமும் பஸ் ஏற முடியுமா? வீட்டு உத்தரத்தில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் நானே தைத்த தாடைப் பட்டையை மாட்டி, மறுமுனையில் செங்கல் கட்டி நானே இழுத்துக்கொண்டேன்.

தீபாவளி நெருங்க, தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் குவிந்தன. பொறுமையிழந்து இன்னொரு செங்கல்லையும் சேர்த்துக் கட்டினேன். பட்டை வழுக்கித் தொண்டையை இறுக்கியது. குரல் எழவில்லை. துணி வாங்க வந்த நாத்தனார் ஓடிவந்து செங்கல்லைத் தூக்கிப் பிடித்தாள்.

"என்ன அண்ணி, இப்படிப் பண்ணிட்டீங்களே!" என்று அழுதாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மா திட்டித் தீர்த்தார். "வயித்துலயும் இடுப்புலயும் பலமில்லாம கூன் போட்டுத் தைக்கிறீங்க. பாரமெல்லாம் கழுத்துக்குத்தானே போவுது?"

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வயிற்றை உள்ளிழுத்து இடுப்பைத் தூக்கச் சொன்னார். கழுத்துவலிக்கு வயிற்றுக்குப் பயிற்சியா என்று எரிச்சலோடுதான் செய்தேன். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் ஜாக்கெட்டை முழுதாகத் தைத்து முடித்த பிறகுதான் கழுத்தின் நினைவே வந்தது.

இப்போது காலையில் யார் அவசரமென்று வாசலில் நின்றாலும், பயிற்சியை முடித்துவிட்டுத்தான் மிஷினில் உட்காருகிறேன்.