முனையில் பிடித்த வேட்டி

படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனாலும் சத்தியவேட்டில் சுண்ணாம்புச் சூளை போட்டேன், கல்வீடு கட்டினேன், இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். திருப்பதியில் எத்தனையோ சத்திரங்களின் சுவருக்குச் சுண்ணாம்பு என் வண்டியில்தான் போனது. எவனும் கைகொடுக்கவில்லை. இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொள்ளாத ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

ஆந்திரம் தனி ராஜ்யமாகி, எல்லை எங்கே வந்து விழுமோ என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்த காலம். சூளைக்குக் கிளிஞ்சல் பழவேற்காட்டு ஏரியிலிருந்து படவில் வரும். ஏரி கடலில் கலக்கும் இடத்தில் ஒரு மணல் முனை. மணல்திட்டுகளுக்கு நடுவே படவு வர ஒரே வழி. தப்பினால் இழுப்பு கடலுக்குக் கொண்டுபோய்விடும். மீன்காரர்களுக்கு அந்த வழி கண்ணை மூடினாலும் தெரியும், என் ஆட்களுக்குத் தெரியாது. அதனால் கரையில் ஒரு கல், பின்னால் மேட்டில் ஒரு கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்தேன். தண்ணீரிலிருந்து பார்த்தால் இரண்டு வெள்ளையும் ஒரே நேராகத் தெரிய வேண்டும். அதுதான் வழி. யோசனை என்னுடையது.

ஆவணிக் கடைசியில் வடக்கேயிருந்து குருவிகள் அந்த முனையில் வந்து இறங்கும். வாலாட்டி, கதிர்க்குருவி, பெயர் தெரியாதவை இன்னும் எத்தனையோ. படவு வரும்வரை உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பது என் பழக்கம். இறங்கியதும் பூச்சி பொறுக்கும், பாடும், சண்டை போடும், கொஞ்ச நேரத்தில் வயல் பக்கம் பறந்துவிடும். அன்று காலை வந்தவை பாடவில்லை. புதருக்கடியில் மணலோடு மணலாக ஒட்டிக்கொண்டன. கிட்டே போனேன், நகரவில்லை. கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. என் மனைவியின் ஒரே தம்பி படவில் இருந்தான். அவள் என்னை நம்பித்தான் அவனை அனுப்பியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மீன்காரக் குப்பத்து ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். முன்னால் அவர்களுடைய பெரியவர்.

“இன்னாய்யா, எங்க ஏரியில எல்லைக்கல்லு நட்டுக்கினு குந்திக்கினு கீற? எந்த சர்க்காரு உனக்குச் சம்பளம் குடுக்குது?”

“எல்லையும் இல்ல ஒண்ணும் இல்ல நைனா. படவுக்கு அடையாளம். நான் சும்மா குருவி பாத்துக்கினு கீறேன்.”

“குருவி பாக்குறாராம்டா! துன்றதுக்கா, கண்ணாலம் கட்டிக்கிறதுக்கா?” என்றான் ஒருவன். சிரித்துக்கொண்டே இரண்டு கற்களையும் பிடுங்கித் தண்ணீரில் உருட்டினார்கள்.

காற்று அறைந்தது. தூரத்தில் என் படவு, பக்கவாட்டில் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. வேட்டியை உருவி, கரைக்கல் இருந்த குழியில் நின்று விரித்துப் பிடித்தேன். கோவணத்தோடு நின்றவனைப் பார்த்து மறுபடியும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் தண்ணீரைப் பார்த்தார்.

“மேட்டுக்கல்லு இடத்துல போய் நில்லு நைனா, உன் காலைப் புடிச்சிக்கிறேன்! என் மச்சான் அதுல கீறான்!” என்று கத்தினேன்.

அவர் வெள்ளைத் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு ஓடினார். காற்றில் மணல் மூடிய குழி எங்கே என்று தெரியாமல் திகைத்தார். “வலது பக்கம்! இன்னும் வலது பக்கம்!” என்று கத்திக் கத்தி நிறுத்தினேன். அவர் துணியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். படவு ஒருமுறை அலையில் மறைந்தது. திரும்பத் தெரியும்வரை வேட்டியை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன். காற்றுக்கு ஒதுங்கி ஒரு வாலாட்டி என் பாதத்தின்மேல் ஏறி நின்றது. அதன் நடுக்கம் எனக்குத் தெரிந்தது. குனியப் பயம். துணி நகர்ந்தால் போச்சு. அப்புறம் படவின் மூக்கு திரும்பியது. திட்டுகளுக்கு நடுவே நேராக வந்தது.

கரையேறிய மச்சான் ஓடிப்போய்ப் பெரியவர் காலில் விழுந்தான். மேட்டில் நின்ற அவர் முகம்தான் தெரிந்ததாம். துணிக்குப் பின்னால் என் முகம் தெரியவில்லையாம். அன்றிலிருந்து குப்பத்திலும் சரி, என் வீட்டிலும் சரி, பெரியவர் காப்பாற்றினார் என்றே பேச்சு. கல்லைப் பிடுங்க ஆள் கூட்டி வந்தவரும் அவர்தான் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொன்னால், “விடுங்க மாமா, நீங்க குருவி பாத்துக்கினு இருந்தீங்கன்னுதானே அவங்க சொன்னாங்க” என்று மச்சான் சிரிக்கிறான்.

பெரியவர் நின்றார், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கல் நட்டது நான். அவரை நிறுத்திய இடம் நான் சொன்ன இடம். முன்னால் தெரிந்த வெள்ளை என் வேட்டி. மச்சானுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து, என் கண்ணெதிரில், காப்பாற்றியது மாமாதான் என்று அவன் வாயால் சொல்லட்டும். ஆளுக்குப் பாதி என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.