சிவப்புக் குடம் யாருடையது?

ஜெஸிக்கு ஆதர்ஷைக் கண்டாலே ஆகாது. அதை மறைக்கிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது. தாராவியிலிருந்து ரயில் மாறி ஐரோலி போய், கம்ப்யூட்டரில் பொம்மைகளை நடக்க வைக்கிற வேலை அவளுக்கு. ஆறு வருஷமாகக் கூட்டத்தின் கடைசியில் நிற்கும் ஆட்களைத்தான் கொடுத்தார்கள். முன்னால் நிற்பவர்கள் எல்லாம் மாட்டுங்கா ஆதர்ஷுக்கு.

இந்தப் படம் முடிந்ததும் இருவரில் ஒருவருக்குத்தான் வேலை என்று சூப்பர்வைசர் மகாதேவன் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது ஒரே ஷாட், குழாயடிச் சண்டை. அடித்துக்கொள்ளும் இரண்டு பெண்கள் அவனுக்கு. பக்கத்தில் நிற்பவள் இவளுக்கு.

சேர்ந்து உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை. சண்டைக்காரிகள் மேலே மோதினால் பக்கத்தில் நிற்பவளும் அதே நொடியில் அசைய வேண்டும், இல்லாவிட்டால் கை உடம்புக்குள் புகுந்துவிடும். அவனோ தன் பங்கைத் தனியாக முடித்துவிட்டு வந்து நின்றான்.

"உன்னோடவ சும்மா நின்னு பாத்தா போறும். ஓவரா ஒண்ணும் பண்ணாதே."

"குழாயடில எவ சும்மா நிப்பா? நீங்க பாத்திருக்கீங்களா?"

"எங்காத்துல குழாய் அடுக்களைக்குள்ளயே இருக்கு," என்று சிரித்தான். ஜெஸிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் தன் பெண்ணைச் சும்மா நிற்க விடவில்லை. மற்ற இருவரும் மயிரைப் பிடித்துக்கொள்ளும்போது, இவள் எங்கோ பார்த்தபடி தன் குடத்தைக் காலால் முன்னே நகர்த்துகிறாள். பிறகு பக்கத்திலிருந்த சிவப்புக் குடத்தையும்.

வெள்ளிக்கிழமை ஷாட்டைப் பார்த்து மகாதேவன் விழுந்து விழுந்து சிரித்தார். "குடத்தைத் தள்றது யார் ஐடியா?"

"என்னோடது சார்," என்றான் ஆதர்ஷ், கூசாமல்.

"அந்தச் சிவப்புக் குடம் யாருது?"

ஆதர்ஷ் திரையைப் பார்த்தான். "அதுவும்... அவளோடதுதான் சார்."

ஜெஸி எழுந்துவிட்டாள். "இல்ல சார். அது வேலைக்குப் போனவ குடம். அவ ஷாட்லயே கெடையாது. வரிசைல குடம் நிக்குதுல்லா, அது ஆளு நிக்க மாதிரிதான். இவ அதைத் தள்ளாம விட்டா, நாளைக்கு இவ குடத்தை எவளும் தள்ள மாட்டா."

மகாதேவன் ஷாட்டை மறுபடி ஓடவிட்டார். இந்த முறை சிரிக்கவில்லை. ஆதர்ஷைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் ஆதர்ஷ் கிளம்பினான். எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டு ஜெஸியிடமும் கையை நீட்டினான். அவள் மவுஸை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஆபீசே அவனைப் பாவம் என்றது. ஜெஸிக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. இந்தக் கதையைச் சொல்கிற எனக்கும்தான்.