ஆமையின் முதுகில் ஒரு கதவு

என் முதல் படத்தை மண்ணெண்ணெயில் வரைந்தேன் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. தொண்ணூறுகளின் கடைசி. புதுக்குடியிருப்பில், தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலுக்குள் ஒரேயொரு கணினி இருந்தது. அதை வைத்து வகுப்பு நடத்திய சேர், ஜெனரேற்றருக்குச் சொட்டுப் பெற்றோல் காட்டி உசுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார். பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம். முதலில் புகை, பிறகு இருமல், பிறகு திரையில் வெளிச்சம். அதைக் கண்டால் என் கை சும்மா இராது.

நான் உருத்திரபுரத்து வயற்காரி. தோழி முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. போரில் இடம்பெயர்ந்து வந்து ஒரே வேலியின் இரண்டு பக்கமும் இருந்தோம். அவள் கதை எழுதுவாள். பதினொரு கதைகள் சேர்ந்து அவளுடைய முதல் புத்தகமாக ரோணியோ என்கிற கைச்சுற்று அச்சுப்பொறியில் நூறு பிரதி வரப்போகிறது. அட்டைப்படம் என் பொறுப்பு.

கணினியோடு இருந்த ஊசிப் பிறின்ரரின் மை ரிப்பனைக் கழற்றிவிட்டு மெழுகுத்தாளைச் செருகினால், ஊசிகள் தாளைக் குத்தித் துளைக்கும். அந்தத் துளைகளால் ரோணியோவில் மை இறங்கும், படம் வரும். அட்டைக்கென்று எங்களிடம் இருந்தவை இரண்டே மெழுகுத்தாள்கள். வவுனியாவிலிருந்து அடுத்தது எப்போது வரும், வருமா, யாருக்கும் தெரியாது.

வரைய வேண்டியது அவளுடைய ஆமைக் கதையை. குளம் வற்ற வற்ற ஓர் ஆமை அடுத்த குளத்துக்கு நடக்கிறது. ஒவ்வொரு குளக்கட்டிலும் ஒரு கொக்கு மறித்து, “நிரந்தர விலாசம்?” என்று கேட்கிறது. ஆமை முதுகைக் காட்டுகிறது. கொக்கு தலையாட்டி மறுக்கிறது. நிவாரண அட்டைக்கு வரிசையில் நின்ற எவருக்கும் அந்தக் கொக்கைத் தெரிந்திருக்கும்.

திரையில் படத்தைப் பெருப்பித்தால் சின்னச் சின்னச் சதுரங்கள். நான் மிரண்டேன். அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “இது வலைக்கண்தானேடி. எண்ணி எண்ணிக் கட்டு.” அவள் எண்ண, நான் மௌஸை அழுத்தினேன். சதுரம் சதுரமாய் ஆமை ஊர்ந்து வந்தது. வெறும் ஆமை, வெறும் ஓடு. எனக்கு அது போதும்.

ஜெனரேற்றர் ஓடுகிற நேரம் பார்த்து அயலவர்கள் பற்றரி சார்ஜ் பண்ண வருவார்கள். காத்திருக்கிறவர்களுக்கு வேறென்ன வேலை? முன்வீட்டு அன்ரி என் தோளுக்கு மேலால் பார்த்தா.

“உதென்ன பிள்ளை, ஆமையோ?”

“ஓம் அன்ரி. வீட்டைச் சுமக்கிற ஆமை.”

“எங்கை கதவு? நாங்கள் கிளிநொச்சியாலை வெளிக்கிடேக்கை முதல் கழட்டினது கதவைத்தான்.”

“கூரைத் தகரமும் இல்லை,” என்றார் சைக்கிள் திருத்துகிற அண்ணை. “உது இடம்பெயர்ந்த ஆமை இல்லை. சும்மா உலாத்துது.”

“ஓடுதான் வீடு அண்ணை. இது குறியீடு.”

“குறியீடு சரி. தண்ணி அள்ள வாளி வேண்டாமோ?”

வாளியைப் போட்டேன். பிறகு கிணற்றுக் கப்பி, தகரம், அம்மி, கூடைக்குள் ஒரு கோழி, கதவு. ஒவ்வொன்றும் அழகாகத்தான் வந்தது. கறுப்பை ஊற்றி நிரப்புகிற வித்தையை அன்றுதான் கண்டுபிடித்திருந்தேன்; ஊற்றினேன், ஊற்றினேன், ஆமையின் முதுகில் ஒரு கிராமமே ஏறிவிட்டது. தோழி மட்டும் எண்ணுவதை நிறுத்தியிருந்தாள்.

சேர் முதல் மெழுகுத்தாளைச் செருகினார்; ஊசிகள் கிறீச்சிட்டன. கறுப்பு வந்த இடமெல்லாம் துளைக்குப் பக்கத்தில் துளை விழுந்து, தாள் பொருக்காய் உதிர்ந்தது. முதுகு இருந்த இடத்தில் பெரிய ஓட்டை.

“இப்பிடி அப்பினால் தாள் தாங்குமோ பிள்ளை?” என்றார் சேர். “இனி ஒரு தாள்தான். எண்ணெயும் அரை மணித்தியாலத்துக்குத்தான்.”

அட்டை இல்லாத புத்தகமாகிவிடுமோ என்று தோழியின் முகம் சுருங்கியது. பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள்.

“இறக்கு எல்லாத்தையும். ஒண்டே ஒண்டு நிக்கட்டும்.”

எந்த ஒன்று? பற்றரிக்குக் காத்திருந்தவர்களின் வாங்கிலில் சண்டை. அண்ணை தகரம் என்றார். கோழிக்கும் ஒரு வாக்கு விழுந்தது. தோழி திரும்பினாள். “அன்ரி, உங்கடை கதவு இப்ப எங்கை?”

“இப்ப இருக்கிற கொட்டிலுக்குப் போட்டிருக்கிறம். சுவர் கிடுகு, கதவு முதிரை மரம்.”

“கள்ளன் கிடுகை விலத்திக்கொண்டு வருவானே!” என்றார் அண்ணை.

“வரட்டும். மரியாதையான ஆக்கள் தட்டிப்போட்டு வருவினம்.”

கொட்டில் முழுக்கச் சிரித்தது. தோழி சிரிக்காமல் என் கையை மௌஸில் வைத்தாள். கோழியை அழித்தேன், அம்மியை அழித்தேன். கறுப்பு முழுவதும் போனது. மெல்லிய கோட்டில் ஓர் ஆமை. அதன் முதுகில், சுவரும் கூரையும் இல்லாமல், சற்றே திறந்தபடி ஒரு கதவு. இனிக் கொக்கு எதையும் கேட்க முடியாது.

இரண்டாவது தாள் பிறின்ரருக்குள் போனது. சேர் அதை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். கோடுகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாய் வந்தது. ஓர் இடமும் கிழியவில்லை.

“நூறு காணாது சேர்,” என்றாள் தோழி. “தாள் தாங்குமட்டும் அடியுங்கோ.”

தாங்கியது. நூற்றுப் பதினேழாவது பிரதியில்தான் கதவின் ஓரம் கிழிந்து கொழுத்த மைத்துளி ஒன்று விழுந்தது. இதை ஆருக்குக் குடுக்கிறது என்று அவள் முகத்தைச் சுளித்தாள். நான் பறித்துக்கொண்டு ஓடினேன், மை காயமுன்பே.