சனிக்கோளில் ஒரு வேலைநிறுத்தம்

செத்தவனைச் செத்தவனாகவே வைத்திருப்பதுதான் தொடர்நாவலுக்குப் பிழை திருத்துபவனின் வேலை. புரூஃப் பார்த்தவர்கள் என்றால் இந்தப் பாட்டை நீங்களும் பட்டிருப்பீர்கள், தோழர்களே.

எண்பதுகளில், தோற்றுப்போன ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலை என்னையும் இன்னும் சிலரையும் வெளியே அனுப்பியது. குரோம்பேட்டையில் ஒரு மாதநாவல் அச்சகத்தில் சேர்ந்தேன். அதுவரை நான் படித்ததெல்லாம் சங்கத்தின் துண்டுப்பிரசுரங்கள். ஒரு சொல் பிசகினாலும் போலீஸ் வரும் என்று படித்தவன், ஆகவே கவனமாகப் படிப்பேன்.

அங்கே ‘சனிக்கோள் காலனி’ என்ற விஞ்ஞானத் தொடர் ஓடியது. மூலக்கதையை எழுதியவர் பொழிச்சலூர் கணக்கு வாத்தியார் ஒருவர். அதன் துணைப் பாத்திரங்களை வைத்து மற்றவர்கள் கிளைக்கதை எழுதுவார்கள். மூலத்தோடு கிளை மோதாமல் பார்ப்பது என் பொறுப்பு. நானும் ஒன்று எழுதிவந்தேன். சனிக்கோள் சுரங்கத்தில் வேலைநிறுத்தம், தொழிலாளர்கள் ஜெயிக்கிறார்கள். அது அப்படியே அச்சேற வேண்டும் என்பதைத் தவிர அந்த அச்சகத்தில் எனக்கு வேறு கோரிக்கை கிடையாது.

டாக்டரின் கல்யாணம்

பல்லாவரத்து பாங்க் குமாஸ்தா ஒருவர் டாக்டர் மேகலாவுக்குக் கல்யாணம் செய்துவைத்து நூறு பக்கம் கொண்டுவந்தார். ஏழாம் தொகுதியிலேயே அவள் விண்கலம் வெடித்துச் செத்துவிட்டாள். பக்கத்தை எடுத்துக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “பாடி கிடைச்சதுன்னு எங்க சார் போட்டிருக்கு?”

கேப்டனின் கை

மூன்றாம் தொகுதியில் காலனியின் கேப்டனுக்கு இடது கை போய்விட்டது. தாம்பரத்து டீச்சர் ஒருவர் எழுதிய கிளைக்கதையில் அவர் ஒரு கையில் குழந்தையோடு மறு கையால் கதவைத் திறந்தார். ஒரு கையை அடித்தேன். குழந்தையைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைத் திறக்கட்டும் என்று ஓரத்தில் எழுதினேன்.

டீச்சர் நேரில் வந்தார். கோபப்படவில்லை. “சனிக்கோளுக்குத் தரையே கிடையாது சார், முழுக்க வாயு. ஒன்பது தொகுதியா அதை யாரும் திருத்தலையே?”

ஒன்பதாம் தொகுதி

என் கதைக்கு அச்சுக் கோத்தவர் ஏழுமலை. ஆலையிலிருந்து என்னோடு வெளியே வந்தவர். பாதியில் கையை நிறுத்தினார். “இன்னா அண்ணே, இந்த ஸ்டிரைக்கு புட்டுக்கிச்சுன்னு ஒம்பதாம் தொகுதில நானே கோத்துகீறேனே.”

உண்மைதான். ‘சுரங்கத் தொழிலாளர் போராட்டம் தோல்வியடைந்தது, அனைவரும் நிபந்தனையின்றிப் பணிக்குத் திரும்பினர்.’ ஒரே வரி. ஊரார் கையையெல்லாம் வெட்டியவன் இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று கேட்காதீர்கள். பார்த்தேன். விட்டேன்.

விஷயம் முதலாளிக்குப் போனது. முடிவை மாற்று, இல்லாவிட்டால் இந்த மாதம் உன் கதைக்குப் பதில் பேய்க்கதை என்றார். வாத்தியாரையும் வரவழைத்தார். நான் அந்த வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது கேப்டனின் நாட்குறிப்பில் வருகிற வரி.

“சார், கேப்டன் நிர்வாகத்தோட ஆள். தோத்துட்டோம்னு எந்த நிர்வாகம் எழுதி வச்சிருக்கு?” என்றேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப மத்த தொகுதியில அவன் எழுதினதெல்லாம்?”

“அதையும் பார்க்க வேண்டியதுதான் சார்.”

முதலாளி அவசரமாகக் குறுக்கிட்டார். “எதையும் பார்க்க வேணாம். ஜெயிச்சதாவே இருந்துட்டுப் போகட்டும்.”

கடைசிப் பக்கத்தையும் ஏழுமலை கோத்து முடித்தார். சுரங்க வாசலில் கொடி ஏறியது. மை படிந்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார்: “நாம தோத்துட்டோம்னு கேட்ல நோட்டீஸ் ஒட்னவனும் மேனேஜர்தானே அண்ணே. அப்போ நாமளும் ஜெயிச்சிட்டோமா?”

கிளைக்கதையைத் திருத்தி மூலக்கதையோடு பொருத்த எனக்குத் தெரியும், தோழர்களே. மூலக்கதைக்குத்தான் இன்றுவரை யாரும் எனக்குப் புரூஃப் அனுப்பவில்லை.