சத்தியபிரியா செய்த இதயம்

சத்தியபிரியாவுக்குக் கை சும்மா இருக்காது. மலைமேல் அட்டுவம்பட்டியில் நாங்கள் பி.எட். படித்தபோது, வகுப்பில் பாதிப் பேருடைய கற்பித்தல் மாதிரிகள் அவள் செய்தவைதான். நான் பழனிக்காரி, வாய் மட்டும்தான் நீளம். யானை வரைந்தால் பூசணிக்காயா என்று கேட்பார்கள். அதனால் வெட்கமே இல்லாமல் அவளிடம் போய் நின்றேன்.

அவளுடைய அம்மா வட்டக்கானலில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். அங்கே தங்கினவர்கள் வீசிவிட்டுப் போன ஷாம்பு பாட்டில்களையும், மருந்துக்கடையில் வாங்கிய டியூபையும் வைத்து எனக்கொரு இதயம் செய்து கொடுத்தாள். அமுக்கினால் ஒரு டியூபில் சிவப்புத் தண்ணீரும் இன்னொன்றில் நீலத் தண்ணீரும் களுக் களுக்கென்று ஓடும். செய்முறைத் தேர்வுக்கு வந்த தேர்வாளர் சின்னப் பிள்ளை மாதிரி மூன்று முறை அமுக்கிப் பார்த்தார். முழு மதிப்பெண் எனக்கு. அவளோ தனக்கென்று செய்ய நேரமில்லாமல் ஒரு சார்ட்டோடு போய் நின்றாள். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு தகர ஷெட், அதில் ஒரு பெரிய மேசை. மலையிலுள்ள பள்ளிகளுக்கெல்லாம் இப்படிச் செய்து அனுப்ப வேண்டும். வாசலில் அவள் பெயரில் ஒரு போர்டு.

கடைசி மாதத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு அக்கா படிவங்களோடு வந்தார். ஆசிரியர் பயிற்சி மாணவிகளுக்குச் சொந்தத் தொழில் எண்ணம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். கேன்டீன் மூடுவதற்குள் போக வேண்டுமே என்று, படிக்காமலே எல்லாவற்றுக்கும் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ போட்டுத் தள்ளினோம். இவள் மட்டும், ‘படிப்பு முடிந்ததும் சொந்தத் தொழில் தொடங்குவேன்’ என்ற வரியில் பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ஏய், வெரசா போடுடி. அவங்க என்ன கோர்ட்டுக்கா கொண்டு போகப் போறாங்க?”

“அப்பாகிட்ட நேத்துதான் சொன்னேன் புவனா. சத்தம் போட்டிருந்தாக்கூட பரவால்ல. ‘சிலோன்ல எஸ்டேட்ட விட்டு எங்களக் கப்பல் ஏத்தி அனுப்புனப்ப எனக்கு ஆறு வயசு. வீட்டுல ஒரு அரசாங்க உத்தியோகம் இருந்தா நம்மள யாரும் எழுப்பி வுட மாட்டாங்கம்மா’ன்னாங்க. அப்பறம் சாப்புடாமப் படுத்துட்டாங்க.”

நாங்கள் நாற்பது பேரும் அன்றைக்குத் தாளில் தொழிலதிபர்கள் ஆகிவிட்டோம். உண்மையில் ஆசைப்பட்ட ஒருத்தி, ‘முடிவு செய்ய இயலவில்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்போது அவள் மூன்றாவது முறையாக, அரசுப் பள்ளி வேலைக்கான டெட் தேர்வுக்குப் படிக்கிறாள். நான் ஆயக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் அதே இதயத்தை வைத்துப் பாடம் நடத்துகிறேன். போன வாரம் எங்கள் தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி பத்து கிடைக்குமா என்று கேட்டார். இடைவேளையிலேயே சத்தியபிரியாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.



“பரீட்சைக்கு இருவது நாள்தான் கெடக்கு. வேணாம் புவனா, அப்பாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்.” பிறகு மெதுவாகக் கேட்டாள். “அது இன்னும் ஒழுகாம ஓடுதா?”

“ஓடுதுடி.”

“போனப் பக்கத்துல வச்சு ஒரு தடவ அமுக்கேன்.”

அமுக்கினேன். களுக்கென்று தண்ணீர் ஓடியது. மணி அடித்து, பிள்ளைகள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள்.

“இன்னொரு தடவ” என்றாள்.