பத்தாவது பெனால்டி

ஆல்பி பென்ரோஸ் யாரையும் நம்பாமலே ஐம்பத்தெட்டு வயதுவரை வந்துவிட்டார். கசாப்புக் கடையில் நிறுத்துக் கொடுத்த சாசேஜை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுப்பார். வானொலியில் நாளைக்கு மழை என்று சொன்னால், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் படுப்பார். வரபிண்டி ரயில் நிலையத்தில் அவருக்கு சிக்னல் வேலை. அங்கே அந்தக் குணம் நல்ல குணம். அடுத்த நிலையத்துக்காரன் பாதை காலி என்று மணியடித்தாலும், இவர் ஒருமுறை ஜன்னல் வழியே எட்டிப் பார்க்காமல் நெம்புகோலைத் தொடமாட்டார். முப்பது வருஷத்தில் ஒரு விபத்துகூட இல்லை. அது தன் சந்தேகத்தின் சாதனை என்றே அவர் நினைத்திருந்தார்.

"கல்யாணத்தன்னைக்குப் பாதிரியார் எழுதின தேதி சரிதானான்னு காலண்டர் கேட்ட மனுஷன்" என்பாள் மனைவி நோரீன். சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டாள்.

ரயிலுக்கு அடுத்தபடியாக அவருக்கு உயிர் ரக்பி லீக். மாவட்ட அணிக்கு இருபத்து மூன்று வருஷமாக வாளிக்காரர். அடிபட்டு விழுந்தவனிடம் தண்ணீர் வாளியும் பஞ்சுமாக ஓடுவது, பிடித்துக்கொண்ட காலை நீவிவிடுவது, மீதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து நடுவரை முறைப்பது. முறைப்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நடுவர் கடிகாரத்தை நிறுத்தி வைத்தார், கோட்டைத் தள்ளிப் போட்டார்கள், பந்தில் காற்று குறைவு என்று லீக் தலைமைக்குப் பதினோரு புகார் எழுதியிருந்தார். பதினொன்றும் குப்பைக்குப் போயின. கடைசியில் அணியின் செயலாளர் வின்ஸ் ஹார்கன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இங்க பாரு ஆல்பி, உன்னால நமக்குக் கெட்ட பேரு. நடுவரைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே, வாளியைக் கீழ வச்சிட வேண்டியதுதான்."

அந்த வருஷம்தான் புதன்கிழமைக் கோப்பையில் வரபிண்டி மாவட்டம் கால் இறுதிக்கு வந்தது. நகரத்துப் பெரிய கிளப்புகளும் கிராமப்புற மாவட்ட அணிகளும் ஒரே சீட்டுக் குலுக்கலில் மோதும் கோப்பை. வார நடுவில், விளக்கு வெளிச்சத்தில், தொலைக்காட்சிக்காக ஆட்டத்தை நான்காக வெட்டி நடத்துவார்கள். தோற்றால் வீட்டுக்கு. சமமாக முடிந்தால் மறு ஆட்டம் கிடையாது. எதிரணியின் தவறுகளுக்காக எந்த அணிக்கு அதிகப் பெனால்டி கிடைத்ததோ அந்த அணிக்கு வெற்றி. இந்த விதியைப் படித்த அன்றே ஆல்பி, "இது நகரத்துக்காரன் நமக்காகத் தோண்டின குழி" என்று சொல்லிவிட்டார்.

எதிரணி நகரத்துக் கிளப்பான கிளேபிட் பே. அந்தப் பெயரைக் கேட்டதும் அவருடைய சந்தேகம் இரட்டிப்பானது. காரணம் மருமகன்.

வரபிண்டி அணித் தலைவன் டெஸ் மல்வனிதான் அவருடைய மருமகன். கம்பளிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், அதிகம் பேசமாட்டான். பேசாதவனை ஆல்பிக்கு ஆகாது. உள்ளே என்ன ஓடுகிறதென்று எப்படித் தெரியும்? மார்ச் மாதம் கிளேபிட் பே ஆள் ஒருவன் வெளிர்நிற சூட்டோடு வந்து, மகள் லொரெய்ன் சமையலறையில் உட்கார்ந்து, அவள் சுட்ட ஸ்கோன் ரொட்டியை நாலு தின்றுவிட்டு, டெஸ்ஸை நகரத்து அணிக்குக் கேட்டான். கோப்பை முடியட்டும், பதில் சொல்கிறேன் என்று டெஸ் அனுப்பிவிட்டான்.

"ஏன் கோப்பை முடியணும்?" என்று ஆல்பி நோரீனைக் குடைந்தார். "வர்றதா இருந்தா வர்றேன்னு சொல்லணும், இல்லாட்டி இல்லைன்னு சொல்லணும். நாளைக்கு முதலாளி ஆகப்போறவனுக்கு எதிரா இவன் ஒழுங்கா ஆடுவானா?"

"உன் பொண்ணு அவ்வளவு தூரம் போயிடுவாளோன்னு பயமா இருக்கு. அதைச் சொல்லேன், எதுக்குச் சுத்தி வளைக்கிறே?" என்றாள் நோரீன்.

அதுவும் உண்மைதான். லொரெய்ன் ஒரே மகள். வியாழக்கிழமை தோறும் வந்து அவரோடு தேநீர் குடித்துவிட்டுப் போவாள். அந்த வியாழக்கிழமை இல்லாத வாரத்தை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆட்டத்துக்கு நகரம் போக பஸ்ஸில் எட்டு மணி நேரம். உடை மாற்றும் அறையில் வெந்நீர் வரவில்லை. வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள் என்றார் ஆல்பி. காவலாளி வந்து ஒரு குழாயைத் திருப்பியதும் வந்துவிட்டது. "பார்த்தியா, மாட்டிக்கிட்டதும் திறந்துட்டான்" என்றார்.

ஆட்டத்தில் பெனால்டி கணக்குக்கு அவர் தீக்குச்சிகள் வைத்திருந்தார். நமக்குக் கிடைத்தால் இடது பையில் ஒன்று, அவர்களுக்குக் கிடைத்தால் வலது பையில் ஒன்று. ஆனால் கண் மட்டும் டெஸ்ஸை விடவில்லை. அவன் ஒரு பந்தைத் தவறவிட்டால், 'விட்டானா, விழுந்ததா?' என்று கேட்டுக்கொண்டார். பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து ட்ரை போட்டபோதும், 'நல்லா மறைக்கிறான்' என்றுதான் நினைத்தார். கடைசிப் பகுதியில் ஐந்து நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இரண்டு பையிலும் ஒன்பது ஒன்பது குச்சி.

அப்போது வரபிண்டி ஆள் ஒருவனுக்குக் கால் பிடித்துக்கொண்டு ஆட்டம் நின்றது. ஆல்பி வாளியோடு ஓடினார். மற்ற ஆட்டக்காரர்கள் விழுந்தவனைச் சுற்றி நின்றார்கள். சற்றுத் தள்ளி டெஸ் நடுவரிடம் என்னவோ மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தான். நடுவர் தலையாட்டினார். தலையாட்டியதை ஆல்பி பார்த்துவிட்டார். அவருக்கு அவ்வளவு போதும். காலை நீவிவிட்டு நேரே அவர்களிடம் போனார்.

எதிரணிக்காரர்கள் நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி முன்னாடி நிற்கிறார்களே, கொஞ்சம் பாருங்கள் என்றுதான் டெஸ் கேட்டுக்கொண்டிருந்தான். ஆல்பி அதைக் கேட்க நிற்கவில்லை.

"எவ்வளவு வாங்கினே?" என்றார் நடுவரைப் பார்த்து.

நடுவர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு விசிலை ஊதி, பெனால்டி அவர்களுக்கு என்று கிளேபிட் பே பக்கம் கையைக் காட்டிவிட்டு, டெஸ்ஸின் மூக்குக்கு நேரே விரலை ஆட்டி ஆட்டித் திட்டினார். அணியில் யார் வாய் விட்டாலும் தலைவன்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். டெஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டான்.

"போங்க ஆல்பி, போய் உட்காருங்க" என்று மட்டும் சொன்னான்.

வரபிண்டியில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த ஊர் முழுக்கப் பார்த்தது விரலையும் டெஸ்ஸையும்தான். வாளிக்காரர் வெளியே போனதை யார் கவனிப்பார்கள்? பெனால்டி நடு மைதானத்தில். அதிலிருந்து புள்ளி ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டிலேயே மணி அடித்தது. பெனால்டி பத்துக்கு ஒன்பது. கிளேபிட் பே ஜெயித்தது.

உடை மாற்றும் அறையில் வின்ஸ் கத்தினார்: "அந்தப் பெனால்டி எதுக்குடா? யார் வாயடிச்சது?"

ஆல்பி பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிய அதில் தண்ணீரே இல்லை. இருபத்து மூன்று வருஷம் ஒரு வார்த்தையில் போகப்போகிறது. டெஸ் அவரைப் பார்த்தான்.

"நான்தான். வாயை அடக்க முடியலை."

ஆல்பிக்கு அவமானத்தில் காது சுட்டது. அதற்கு நடுவிலும், 'இவன் எதுக்கு என்னைக் காப்பாத்துறான்? என்ன வேணும் இவனுக்கு?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வரும்.

திரும்பும் வழியில், விடிகாலையில் சாப்பிட நிறுத்திய கடையில், யாரும் தன்னிடம் எதுவும் கேட்டுவிடக் கூடாதென்று அவரே உரக்கப் பேச ஆரம்பித்தார். "அந்த நடுவனை விலைக்கு வாங்கிட்டானுங்க. என் கண்ணால பார்த்தேன். அவன் வாயில உண்மையே வராது, எழுதி வச்சுக்குங்க." வழக்கமாகச் சிரிப்பவர்கள் அன்று சிரிக்கவில்லை. தோற்றவர்களுக்கு அந்தப் பேச்சு இதமாக இருந்தது. ஊர் போய்ச் சேர்வதற்குள் அது வளர்ந்துவிட்டது. நடுவரை வாங்கினவன் டெஸ்ஸை மட்டும் சும்மாவா விட்டிருப்பான்? அந்த சூட்டுக்காரன் எதற்கு வந்தான்? கடைசி நேரத்தில் அந்தப் பெனால்டி எதற்கு?

கிளப்பில் ஆளுக்கு ஒருமுறை எல்லோருக்கும் பீர் வாங்குவது வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை டெஸ் முறை வந்தபோது, அவனிடம் வாங்கிக் குடிக்காமலிருக்க எல்லோரும் முன்பே கிளாசை நிறைத்து வைத்திருந்தார்கள். அடுத்த வெள்ளியும் அப்படியே. மூன்றாவது வெள்ளி அவன் போகவில்லை.

அடுத்த வியாழக்கிழமை லொரெய்ன் வந்தாள். தேநீரைத் தொடவில்லை.

"அவர் போன மாசமே வரலைன்னு கிளேபிட் பேக்கு எழுதிட்டார். நான்தான் உட்கார்ந்து எழுதினேன். ஆட்டத்துக்கு முன்னாடி வெளிய தெரிஞ்சா ஆளாளுக்குப் பேசுவாங்கன்னு சொல்லலை. அந்தப் பெனால்டி யாரோடதுன்னும் எனக்குத் தெரியும் அப்பா. அவர் சொல்லலை. உங்க மூஞ்சி சொல்லுது."

ஆல்பி ஆறிப்போன தேநீரைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"கிடங்குல யாரும் அவர்கிட்டப் பேசறதில்லை. நேத்து மறுபடியும் நகரத்துக்கு எழுதச் சொன்னார், வர்றேன்னு. கடிதம் என் பையில இருக்கு. திங்கட்கிழமை வரைக்கும் வச்சிருப்பேன். அதுக்குள்ள ஏதாவது செய்யுங்க."

மறுநாள் கிளப்பின் மாதக் கூட்டம். ஆல்பி எழுந்து நின்றார்.

"அந்தப் பெனால்டி டெஸ்ஸோடது இல்லை. நான்தான் நடுவரைப் பார்த்து 'எவ்வளவு வாங்கினே?'ன்னு கேட்டேன். அவன் எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டான். என்னை வாளியை விட்டுத் தூக்கிடுங்க."

வின்ஸ் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் ஆல்பிக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"உட்காரு ஆல்பி. நாங்களும் பொண்ணைப் பெத்தவங்கதான். மருமகன் மானத்தைக் காப்பாத்த ஒரு அப்பன் இதுகூடச் சொல்லலைன்னா எப்படி?"

"நான் பொய் சொல்லலை வின்ஸ்! நடுவருக்குப் போன் போட்டுக் கேளு. அவருக்குத் தெரியும். அவர் சொல்வார்!"

பின் வரிசையிலிருந்து யாரோ சிரித்தார்கள். வின்ஸ் சிரிக்கவில்லை, நோயாளியிடம் பேசுவதுபோல் மெதுவாகக் கேட்டார்:

"அவனையா? அவன் வாயில உண்மையே வராதுன்னு சொன்னது நீதானே ஆல்பி?"

திங்கட்கிழமை லொரெய்ன் கடிதத்தைத் தபாலில் போட்டாள்.